யாரிடம் நகல் இருக்கிறது? கேச் டைரக்டரியின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேச் மெமரி பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, எம்.இ. படிக்கும் என் தங்கை பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, புத்தகத்துல டைரக்டரி முறைக்கு மூணே மூணு ஸ்டேட்தான் போட்டிருக்கு. சிமுலேட்டர்ல எழுத உட்கார்ந்தா பதினொண்ணு வருது. மிச்சம் எட்டு எங்கேருந்து வந்துச்சு?" நல்ல கேள்வி. பாடப்புத்தகங்கள் மூன்று வட்டம் போட்டு, நடுவே நாலு அம்புக்குறி வரைந்து, அத்தோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அந்த அம்புக்குறிகளுக்குள்தான் முழு வேலையும் இருக்கிறது. அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல நான் 1976-லிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் படிக்காத உறவினர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை தலைமை ஆசிரியர் அறையில் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பீரியடுக்கும் அந்த அறைக்கு ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. அதனால் ஆளுக்கொரு டைரியில் எழுதி வைத்துக்கொள்வோம். அந்த டைரிதான் கேச். மூல அட்டவணை மெமரி. ஆசிரியர்கள்தான் ப்ராசஸர்கள். இந்த எண்ணத்தை "அடிமை மெமரி" என்ற பெயரில் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் எழுதினார். 1968-ல் ஐ.பி.எம். தன் சிஸ்டம் 360 வரிசையின் மாடல் 85 இயந்திரத்தில் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு பேர் இருந்தால்தான் வம்பு. ஒருவர் அட்டவணையைத் திருத்துகிறார், இன்னொருவர் டைரியில் பழையதே இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் போய் நிற்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வதால் தவறு உடனே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஒரு ப்ராசஸர் 700 என்று எழுதிவிட்டது, இன்னொன்று தன் கேச்சில் இருக்கும் பழைய 500-ஐ எடுத்து வட்டி கணக்குப் போடுகிறது. இயந்திரம் நிற்காது, எச்சரிக்கை எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். நேற்று ஓட்டியபோது சரியாக வந்த அதே ப்ரோகிராம் இன்றைக்குத் தவறாக வரும், நாளைக்கு மறுபடியும் சரியாக வரும். இந்த மாதிரி தவறு மற்ற எல்லாவற்றையும்விடக் கொடுமையானது. கேச் ஒத்திசைவு என்று நான் இங்கே சொல்வது, இந்தத் தவறு நடக்காமல் எல்லா நகல்களையும் ஒன்றாக வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான்.

1976-ல் சி.கே. டாங் என்பவர் ஒரு வழி எழுதினார். எந்த கேச்சில் எந்தத் துண்டின் நகல் இருக்கிறது என்று நடுவில் ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது, யாராவது எழுத வந்தால் பதிவேட்டைப் பார்த்து நகல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் "உன் நகல் செல்லாது" என்று சொல்லி அனுப்புவது. பதிவேடு என்று அவர் வைத்தது, எல்லா கேச்களின் அட்டவணைகளையும் அப்படியே நடுவில் இன்னொரு பிரதி எடுத்ததுதான். தேடுவதற்கு எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்து, 1978-ல், லூசியன் சென்சியே, போல் ஃபோத்ரியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கேச் வாரியாகப் பதிவு வைக்காதே, மெமரித் துண்டு வாரியாக வை என்றார்கள். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் கேச்சுக்கு ஒரு பிட் வீதம் வரிசையாக வைத்துவிடு. மூன்றாவது பிட் 1 என்றால் மூன்றாவது கேச்சில் நகல் இருக்கிறது. கூடவே, யாரோ ஒருவர் திருத்தி வைத்திருக்கிறார் என்று சொல்ல இன்னொரு பிட். துண்டைப் படிக்கும்போதே அதன் பதிவும் கையில் வந்துவிடும், தேடவே வேண்டாம். எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடிக்கும். ஒரு கணக்கை வரிசை வாரியாகக் கூட்டிக் கஷ்டப்பட்டுவிட்டு, பத்தி வாரியாகக் கூட்டினால் சட்டென்று முடிந்துவிடுமே, அந்த மாதிரி.

இதுதான் டைரக்டரி முறை. அடிப்படையில் இன்றுவரை இதில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் அடுத்த பத்து வருடம் இதை அநேகமாக யாரும் கட்டவில்லை.

காரணம், இன்னொரு முறை மிக மலிவாகக் கிடைத்துவிட்டது. 1983-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் குட்மன், எல்லா ப்ராசஸர்களும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பதிவேடு எதற்கு என்ற ரீதியில் ஒரு கட்டுரை எழுதினார். (பஸ் என்றால் எல்லோருக்கும் பொதுவான கம்பி, டவுன் பஸ் இல்லை.) கம்பியில் யார் என்ன கேட்டாலும் எல்லோர் காதிலும் விழும். ஒவ்வொரு கேச்சும் ஒட்டுக் கேட்டுக்கொண்டே இருந்து, தன்னிடம் இருக்கும் துண்டை வேறு யாராவது எழுதப் போகிறார் என்று தெரிந்தால் தன் நகலைத் தானே அழித்துவிடும். 1984-ல் இல்லினாய்ஸில் மார்க் பாபமார்கோஸும் ஜனக் படேலும் இதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். அந்த நாலு நிலை முறையைத்தான் இன்றைக்கும் எல்லாக் கல்லூரியிலும் பாடமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால், இது மைக்கில் அறிவிப்பது. யாரிடம் நகல் இருக்கிறது என்று அலுவலகம் கவலைப்பட வேண்டாம். எல்லோருக்கும் கேட்கும், தேவையானவர் திருத்திக்கொள்வார்.

மைக் முறைக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் மைக்கில் பேச முடியும். அதனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது. பஸ்ஸே வரிசை போட்டுக் கொடுத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேரனின் எட்டு நிலைக்கு இதுதான் வேர்.

எண்பதுகளின் நடுவில் சீக்வெண்ட், என்கோர் போன்ற நிறுவனங்கள் இருபது முப்பது ப்ராசஸர்களை ஒரே பஸ்ஸில் மாட்டி விற்றன. அதற்கு மேல் போக முடியவில்லை. ப்ராசஸர் வேகம் வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது. கம்பியின் வேகம் அப்படி ஏறவில்லை. ஆயிரம் ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒவ்வொரு சின்னத் திருத்தத்தையும் மைக்கில் சொல்ல ஆரம்பித்தால் பாடம் எப்போது நடத்துவது?

இந்த நேரத்தில்தான் பழைய பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் அனந்த் அகர்வால், ரிச்சர்ட் சிமோனி, ஜான் ஹென்னஸி, மார்க் ஹோரோவிட்ஸ் நால்வரும் சேர்ந்து டைரக்டரி முறைகளை மதிப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அகர்வால் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 1982-ல் பட்டம் பெற்றுவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனவர். பிற்பாடு எட்எக்ஸ் என்ற இணையக் கல்வி அமைப்பின் முதல் தலைமை நிர்வாகி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். என் மாணவர்களில் பலர் அந்தத் தளத்தில் அவர் நடத்திய சர்க்யூட் பாடத்தைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த முகம் யாருடையது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அவர்கள் வாதம் செய்யவில்லை, எண்ணிப் பார்த்தார்கள். நாலு ப்ராசஸர் கொண்ட ஒரு வேக்ஸ் 8350 இயந்திரத்தில் உண்மையான ப்ரோகிராம்கள் ஓடும்போது எந்த ப்ராசஸர் எந்த முகவரியைத் தொட்டது என்று வரிசையாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவை வைத்து, இந்த முறை இருந்திருந்தால் எத்தனை செய்தி போயிருக்கும், அந்த முறை இருந்திருந்தால் எத்தனை என்று சிமுலேட்டரில் எண்ணினார்கள். வந்த விடை முக்கியமானது. ஒருவர் ஒரு துண்டை எழுதும்போது, அதன் நகலை வைத்திருக்கும் மற்றவர்கள் பெரும்பாலும் ஒருவர்தான், அல்லது யாருமே இல்லை. அடுத்த வருடம் வுல்ஃப்-டீட்ரிச் வீபரும் அனூப் குப்தாவும் தனியாகச் செய்த ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது. அப்படியானால் ஒரே ஒருவருக்குத் தேவைப்படும் செய்திக்காக ஊருக்கே மைக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பன்னிரண்டு வருடம் தூங்கிய யோசனையை எழுப்பியது இந்த எண்ணிக்கைதான் என்பது என் கருத்து. கணிதத்தில் நிரூபித்தால் போதும். கம்ப்யூட்டர் கட்டமைப்பில் அப்படி இல்லை, கட்டுவதற்கு முன்னால் அளந்து காட்ட வேண்டும். அளக்க சிமுலேட்டர் வேண்டும்.

அந்தப் பதிவு முறையில் ஒரு ஓட்டையும் இருந்தது. பதிவு என்பது ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஒரு ப்ராசஸர் பூட்டுக்காகக் காத்திருந்து நூறு தடவை எட்டிப் பார்த்திருந்தால், பதிவில் நூறு என்று இருக்கும். புதிய முறையில் பூட்டு சீக்கிரம் கிடைத்திருந்தால் பத்தே தடவை பார்த்திருக்கலாம். ஆனால் பதிவு நூறைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டும். பரீட்சை முடிந்த பிறகு விடைத்தாளை வைத்துக்கொண்டு, வேறு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பையன் என்ன எழுதியிருப்பான் என்று சொல்ல முடியாது இல்லையா? அதனால் ப்ரோகிராமையே ஓட்டி, ஒவ்வொரு மெமரி வேண்டுகோளுக்கும் சிமுலேட்டர் நேரம் சொல்லி, அந்த நேரத்தைப் பொறுத்து அடுத்தது என்ன என்று ப்ரோகிராமே முடிவு செய்யும் வகை வந்தது. ஸ்டான்ஃபோர்டில் எழுதிய டேங்கோ அந்த வகையின் ஆரம்ப காலத்தது.

அங்கேதான் டாஷ் என்ற இயந்திரத்தையும் கட்டினார்கள். டேனியல் லெனோஸ்கி, ஜேம்ஸ் லௌடன், கோரோஷ் கராச்சோர்லு, குப்தா, ஹென்னஸி ஆகியோர் 1990-ல் அதன் டைரக்டரி முறையை வெளியிட்டார்கள். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் நாலு ப்ராசஸர் கொண்ட இயந்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டைரக்டரிப் பலகை சேர்த்து, வலைப்பின்னலாக இணைத்தார்கள். உள்ளே நாலு பேருக்குள் மைக், வெளியே குழுக்களுக்கு இடையே சுற்றறிக்கை. இந்தக் கலவையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 64 ப்ராசஸருக்கும் தனித்தனி பிட் வைத்தால், 16 பைட் துண்டுக்கு, அதாவது 128 பிட்டுக்கு, 64 பிட் பதிவேட்டுக்கே போய்விடும், பாதி. ஆயிரம் ப்ராசஸர் என்றால் சரக்கைவிடப் பதிவேடு எட்டு மடங்கு! குழுவுக்கு ஒரு பிட் என்று வைத்ததால் 16 குழுவுக்கு 16 பிட், திருத்தம் சொல்ல ஒன்று, ஆக 17. 128-க்கு 17 என்றால் சுமார் 13 சதவீதம்தான்.

எம்.ஐ.டி.க்குப் போன அகர்வால் அங்கே இந்தப் பிரச்சினையை வேறு விதமாக அணுகினார். நகல் வைத்திருப்பவர் ஓரிருவர்தான் என்று நாமே எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறோமே, பிறகு ஏன் எல்லோருக்கும் இடம் ஒதுக்க வேண்டும்? நாலைந்து பேரின் எண்ணை எழுத மட்டும் வன்பொருளில் இடம் வை, அதற்கு மேல் போனால் ப்ராசஸரை நிறுத்தி மென்பொருளில் எழுதிக்கொள். டேவிட் சேக்கன், ஜான் குபியாடோவிச் இருவரோடு சேர்ந்து 1991-ல் இதை வெளியிட்டார். ஆங்கிலத்தில் "எல்லையற்றது" என்று அர்த்தம் வரும்படி பெயரும் வைத்தார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் வழக்கமான நாலு வீட்டுக் கணக்கை அண்ணாச்சி மனதிலேயே வைத்திருந்து, மற்றதை மட்டும் நோட்டில் எழுதுவார், அது மாதிரிதான். பதிவேட்டையே நகல் வைத்திருப்பவர்கள் கைகோத்த சங்கிலியாக வைக்கும் முறையும் 1992-ல் ஒரு ஐ.இ.இ.இ. தர நிர்ணயமாக வந்தது. அதில் நுழைந்தால் பதிவு இரு மடங்காகும், விட்டுவிடுகிறேன்.

இனி அந்த எட்டு.

மூன்று நிலை எவை? என்னிடம் நகல் இல்லை. பலரிடம் இருக்கிறது, என்னிடமும் ஒன்று, படிக்க மட்டும். என்னிடம் மட்டும்தான், திருத்தலாம். ஆங்கில எழுத்தில் ஐ, எஸ், எம் என்பார்கள். மைக் முறையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரே அறிவிப்பில் முடிந்துவிடும் என்று பாடத்தில் வைத்துக்கொள்ளலாம். வலைப்பின்னலில் அப்படி முடியாது. வேண்டுகோள் ஒரு வழியில் போகும், பதில் வேறு வழியில் வரும், பின்னால் அனுப்பியது முன்னால் வந்து நிற்கும். கேட்டதற்கும் கிடைப்பதற்கும் நடுவே கேச் சும்மா இருக்க முடியாது. "எதற்காகக் காத்திருக்கிறேன்" என்பதை அது நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புகள்தான் எட்டு நிலைகள்.

எண்ணிக் காட்டுகிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நகல் இல்லாமல் இருந்து படிக்கக் கேட்டால், தரவுக்காகக் காத்திருப்பது ஒன்று. எழுதக் கேட்டால் இரண்டு விஷயம் வர வேண்டும். ஒன்று தரவு. இன்னொன்று, நகல் வைத்திருந்த ஒவ்வொருவரும் "அழித்துவிட்டேன்" என்று போடும் கையெழுத்து. ஆக, இரண்டுக்கும் காத்திருக்கும் நிலை, தரவு வந்து கையெழுத்து பாக்கியிருக்கும் நிலை என்று இரண்டு. படிக்கும் நகல் கையில் இருந்துகொண்டே எழுத அனுமதி கேட்டாலும் இதே போல இரண்டு. இடம் போதாமல் திருப்பிக் கொடுக்கும்போது ரசீதுக்காகக் காத்திருப்பதில் மூன்று. ஆக மொத்தம் எட்டு.

படிக்கும் நகலை வைத்துக்கொண்டு எழுத அனுமதி கேட்கும் நிலையைப் பாருங்கள், எனக்கு அதுதான் மிகவும் சுவையானது. நான் அனுமதி கேட்டு ஆள் அனுப்பிவிட்டேன். அதே நொடியில் இன்னொருவரும் கேட்டிருக்கிறார், அவர் ஆள் அலுவலகத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது எனக்கு வருவது அனுமதி இல்லை, "உன் நகல் செல்லாது, கிழித்துப் போடு" என்ற சுற்றறிக்கை. நான் கையெழுத்துப் போட்டுக் கிழிக்கத்தான் வேண்டும். ஆனால் என் வேண்டுகோள் இன்னும் வரிசையில் நிற்கிறது. முன்பு எனக்கு அனுமதி மட்டும் போதும் என்றிருந்தது, இப்போது தரவும் வேண்டும். ஆகவே நான் சத்தமில்லாமல் வேறு காத்திருப்பு நிலைக்கு மாறிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு அம்பை எழுத மறந்தால், கிழித்த தாளைப் பார்த்துத் திருத்த ஆரம்பித்துவிடுவேன்.

கையெழுத்து எண்ணுவதிலும் ஒரு வம்பு உண்டு. எத்தனை கையெழுத்து வர வேண்டும் என்ற எண்ணிக்கை தரவோடு சேர்ந்து டைரக்டரியிலிருந்து வரும். கையெழுத்துகளோ நகல் வைத்திருந்தவர்களிடமிருந்து நேராக என்னிடம் வரும், டாஷிலேயே அப்படித்தான். எத்தனை என்று தெரிவதற்கு முன்பே இரண்டு கையெழுத்து வந்துவிடலாம். அப்போது எண்ணிக்கை மைனஸ் இரண்டு என்று இருக்க வேண்டும், பிறகு மூன்று என்று தகவல் வந்தால் கூட்டி ஒன்று பாக்கி என்று புரிந்துகொள்ள வேண்டும். "எண்ணிக்கை எப்போதும் நேர்மம்தானே" என்று நினைத்து எழுதுபவன் இங்கே மாட்டிக்கொள்வான்.

திருப்பிக் கொடுப்பதில், நான் திருத்திய பதிவேட்டை உதவியாளர் கையில் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று வையுங்கள். அவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அதற்குள் இன்னொருவர் அலுவலகத்தில் அதைக் கேட்க, "அது அவரிடம்தான் இருக்கிறது, அவரே உங்களுக்குக் கொடுப்பார்" என்று எழுத்தர் என்னிடம் ஆள் அனுப்புகிறார். அவர் புத்தகப்படி அது சரிதான். நான் கொடுத்தனுப்பிய உடனே என் நகலை எறிந்துவிட்டிருந்தால், வந்தவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அவர் காத்துக்கொண்டே இருப்பார், இயந்திரம் நின்றுவிடும். அதனால் அலுவலகத்திலிருந்து ரசீது வரும்வரை நகலைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். எழுத்தர் பக்கத்திலும் வேலை உண்டு: என்னுடைய உதவியாளர் வந்து சேரும்போது பதிவேட்டில் உரிமையாளர் வேறொருவராக மாறியிருப்பார். "நீங்கள் யார், உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையே" என்று விரட்டாமல் ரசீது மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இன்னொன்று: வேண்டுகோள், அலுவலகம் அனுப்பும் ஏவல், பதில் இவை மூன்றும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. வேண்டுகோள்கள் வழியை அடைத்துக்கொண்டால் பதில் உள்ளே வர முடியாது, பதில் வராமல் வேண்டுகோள் முடியாது. சிமுலேட்டரில் மூன்று தனிப் பாதை வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அழகுக்காக இல்லை.

இப்படியெல்லாம் எழுத சிமுலேட்டர்களும் வளர்ந்தன. 1993-ல் விஸ்கான்சின்காரர்கள் சிஎம்-5 என்ற பெரிய இணை இயந்திரத்தின் மீதே இன்னொரு இயந்திரத்தைப் போலியாக ஓட்டினார்கள். கேச்சில் இருப்பது நேரடி வேகத்தில் ஓடும். இல்லாததை மட்டும் மெமரியின் பிழை திருத்தும் பிட்டுகளை வேண்டுமென்றே கெடுத்து வைத்துப் பிடிப்பார்கள். என்ன ஒரு குறும்புத்தனமான யோசனை! டெக்சாஸில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சரிதா அட்வேயும் அவர் மாணவர்கள் விஜய் பையும் பார்த்தசாரதி ரங்கநாதனும் 1997 வாக்கில் ஆர்சிம் என்ற சிமுலேட்டரைக் கொடுத்தார்கள். ரங்கநாதனும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பிறகு 2005-ல் விஸ்கான்சினில் மார்க் ஹில், டேவிட் வுட் குழுவிலிருந்து ஜெம்ஸ் வந்தது. அதன் மெமரிப் பகுதிக்கு ரூபி என்று பெயர். அதோடு ஸ்லிக் என்று ஒரு தனி மொழி: நிலைகள், நிகழ்வுகள், செயல்கள், எந்த நிலையில் எந்த நிகழ்வு வந்தால் என்ன செயல், அடுத்து எந்த நிலை என்று எழுதினால் போதும், அது சி ப்ளஸ் ப்ளஸ் ஆக மாற்றித் தரும். அட்டவணையாகவும் அச்சிட்டுத் தரும். 2011-ல் இது மிச்சிகனில் பிறந்த எம்5-உடன் சேர்ந்து ஜெம்5 ஆனது. பேரன் எழுதிக்கொண்டிருப்பது அதில்தான்.

ஸ்லிக் செய்த பெரிய உபகாரம் வேகம் இல்லை என்பேன். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கண்ணில் காட்டியதுதான். பதினோரு நிலைக்கு எதிரே எல்லா நிகழ்வுகளையும் எழுதி அட்டவணை போட்டால், காலிக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி: இது நடக்கவே முடியாது என்பதால் காலியா, யோசிக்காததால் காலியா? நம் பையன்கள் முதலில் ப்ரோகிராம் எழுதிவிட்டுப் பிறகு அட்டவணை வரைகிறார்கள். முதலில் தாளில் அட்டவணையை வரைந்து, ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் "நடக்காது, ஏனென்றால்" என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன்.

அதன் பிறகும் போதாது. பெர்க்லியில் ஸ்பர் என்ற இயந்திரத்தின் கேச் கட்டுப்பாட்டைச் சோதிக்க டேவிட் வுட், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் மூவரும் எதேச்சையாகச் சோதனைகளை உருவாக்கும் முறையைக் கையாண்டு 1990-ல் எழுதினார்கள். பல ப்ராசஸர்களை ஒரு சில முகவரிகளின் மேல் மட்டும் சண்டை போட விட்டு, ஒவ்வொரு வாசிப்பும் கடைசியாக எழுதியதைத் தருகிறதா என்று பார்ப்பது. நல்ல ப்ரோகிராமை ஓட்டிச் சோதித்தால் இந்தச் சண்டைகள் அபூர்வமாகவே வரும், அதனால் வேண்டுமென்றே சண்டை மூட்ட வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் டில் 1992-ல் தந்த மர்ஃபி இன்னும் ஒரு படி மேலே போனது. சின்ன அமைப்பாக, சில கேச்கள் மட்டும் வைத்து, நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஒன்றுவிடாமல் நடந்து பார்ப்பது. இதே ரீதியில் எட்மண்ட் கிளார்க் குழு ஃப்யூச்சர்பஸ் பிளஸ் என்ற தர நிர்ணயத்தை ஆராய்ந்தபோது, வல்லுநர்கள் கூடி அங்கீகரித்து அச்சிட்டிருந்த அந்த ஆவணத்திலேயே பிழைகள் கிடைத்தன.

இவ்வளவுக்கும் பிறகு டாஷின் தம்பியான ஃப்ளாஷ் கதையைக் கேளுங்கள். அதில் டைரக்டரி வேலையைச் செய்ய மேஜிக் என்ற தனிச் சிப் வைத்து, முறையையே ப்ரோகிராமாக எழுதினார்கள். வருடக்கணக்கில் சிமுலேட்டரில் ஓட்டிச் சோதித்த ப்ரோகிராம் அது. 2000-ல் டாசன் எங்லர் குழுவினர், அதை ஓட்டாமலேயே, எழுதியதை மட்டும் விதிப்படி படித்துப் பார்க்கும் ஒரு கருவியைக் கொண்டுபோய் அதன் மேல் விட்டார்கள். 34 பிழைகள் வந்தன. பல பிழைகள், நாள்கணக்கில் தொடர்ந்து ஓடினால் மட்டுமே எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் வகை.

அதே வருடம் ஃப்ளாஷ் குழுவினரே இன்னொரு காரியம் செய்தார்கள், அதற்கு நான் தலை வணங்குகிறேன். உண்மை இயந்திரம் கையில் வந்தவுடன், அதுவரை தாங்கள் நம்பிய சிமுலேட்டர்கள் சொன்ன நேரத்தை உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் பிசகியது என்று வெளியிட்டார்கள். முகவரியை மாற்றித் தரும் அட்டவணையில் ஒன்று கிடைக்காதபோது ஆகும் நேரத்தைக் குறைவாகப் போட்டிருந்தது ஒரு முக்கியக் காரணம். டைரக்டரியைப் பற்றியே எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, பிசகு ஒளிந்திருந்தது பக்கத்து அறையில். ஆய்வுக் கட்டுரைகளில் "எங்கள் முறை ஐந்து சதவீதம் வேகம்" என்று சிமுலேட்டரை மட்டும் காட்டிச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

டாஷைக் கட்டிய லௌடனும் லெனோஸ்கியும் சிலிக்கான் கிராஃபிக்ஸில் சேர்ந்து, 1996-ல் ஆரிஜின் 2000 என்ற இயந்திரமாக டைரக்டரி முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அது பெரிய ஆய்வகங்கள் வாங்கும் சாமான். சாதாரண சர்வருக்கு அது வந்து சேர இன்னும் பல வருடம் ஆயிற்று. ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் சர்வர்களில் ஆரம்பத்தில் எல்லோரிடமும் கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இருந்தது. 2009-ல் ஆறு கோர் கொண்ட இஸ்தான்புல் சிப்பில், அதன் 6 எம்.பி. மூன்றாம் நிலை கேச்சிலிருந்து 1 எம்.பி.யை ஒதுக்கி, யாரிடம் நகல் இருக்கிறது என்ற பதிவேட்டுக்குக் கொடுத்தார்கள். கேச்சில் ஆறில் ஒரு பங்கு போனாலும் பரவாயில்லை என்று அவர்களை எண்ண வைத்தது, பல சாக்கெட் கொண்ட சர்வரில் வீணாகப் போய்க்கொண்டிருந்த கேள்விகளின் எண்ணிக்கை.